வீட்டுக் கொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் தோட்டம் என்றால் பால்மரம் என்கிற ரப்பர் மரமும் செம்பனையும்தான். அதனால் வீட்டுக்குப் பின்னால் வெண்டை, கத்தரி போடுகிற இடத்தைக் கொல்லை என்றே எழுதுகிறேன். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிற மலேசிய ஊர் இது, சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைவிட்டு இங்கே தாமான் என்கிற குடியிருப்புக்குக் குடிவந்தபோது எனக்குக் கிடைத்தது, சமையலறைக் கதவுக்கும் பின்வேலிக்கும் நடுவே இருக்கும் ஒரு கீற்று நிலம். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

அக்கா, நாலு வெண்டைச் செடி வைத்தால் சுற்றுச்சூழலுக்கு அப்படி என்ன நன்மை வந்துவிடும்?

நாலு செடி தரும் காய் கொஞ்சம்தான். பெரிய நன்மை செடிக்குக் கீழே, மண்ணில் நடக்கிறது.

மலேசிய வீடுகளின் குப்பையில் ஏறத்தாழ பாதி, உணவுக் கழிவு. வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, மீந்த சோறு எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு லோரியில் ஏறி, குப்பை மேட்டில் புதைகின்றன. அங்கே காற்று புகாது. காற்றில்லாமல் அழுகும் பொருள் மீத்தேனை வெளியிடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதே தோலும் தண்டும் உங்கள் கொல்லையில் காற்றோட்டமாக மட்கினால் மீத்தேன் மிகக் குறைவு. கிடைப்பது எரு.

கொல்லை இருக்கிற வீட்டில்தான் அந்த எருவுக்கு வேலை இருக்கிறது. செடி இல்லாத வீட்டில் குப்பையை மட்க வைக்கச் சொன்னால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். அதனால் கொல்லை போட நினைப்பவர்களிடம் விதைக்கு முன்னால் எருக்குழியைப் பற்றித்தான் பேசுவேன்.

கப்பலிலும் லோரியிலும் வராத காய் என்பதுதானே பெரிய நன்மை?

நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைச் சேர்த்து 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறத்தாழ கால்பங்கு உணவால் வருகிறது என்று அதில் தெரிந்தது. அந்தக் கால்பங்குக்குள் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. காட்டை அழிப்பது, மாட்டின் வயிறு, வயலில் போடும் உரம், இவைதான் பெரியவை. விமானத்தில் வரும் பொருள் மட்டும் விதிவிலக்கு. கப்பலில் வரும் வெங்காயம் பார்ப்பதற்குத்தான் தூரம். ஒரு கிலோவுக்குச் செலவாகும் எண்ணெய் கொஞ்சம்தான்.

ஆனாலும் பக்கத்தில் விளைவதற்கு வேறு மதிப்பு உண்டு. கீரை வாடிப்போகிற பொருள். தூரத்திலிருந்து வந்தால் குளிர்சாதனம் வேண்டும், பிளாஸ்டிக் உறை வேண்டும், அப்படியும் கடையில் பாதி அழுகிக் கிடக்கும். கொல்லையில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டுப் போய்ப் பறித்தால் வேண்டியதை மட்டும் பறிப்போம், வீணாகாது. ஆகவே வீட்டில் போட ஏற்றவை சீக்கிரம் வாடுபவை: கீரைகள், கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கடையிலேயே வாங்குங்கள்.

வீட்டில் விளைவிப்பதுதான் அதிகக் கெடுதல் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

நீங்கள் படித்தது 2024-இல் வந்த ஆய்வாக இருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நகரங்களுக்குள் உள்ள 73 சாகுபடி இடங்களை அளந்தார்கள். அங்கே விளைந்த உணவுக்கு, வழக்கமான பண்ணை உணவைவிடச் சராசரியாக ஆறு மடங்கு கரியமில வாயு கணக்கானது. கேட்டதும் மனசு சோர்ந்துபோனது, மறைக்கவில்லை. ஆனால் காரணத்தைப் படித்ததும் தெளிவு வந்தது. வாயுவில் பெரும்பங்கு செடியால் வரவில்லை, செடிக்காக வாங்கிய சாமான்களால் வந்தது. மரச்சட்டம், கொட்டகை, கல் பாவிய பாதை என்று புதிதாகக் கட்டிச் சில ஆண்டுகளில் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். பழைய பொருட்களைப் பயன்படுத்திய, நீண்ட காலம் நீடித்த இடங்களில் கணக்கு மிக நன்றாக இருந்தது.

லயத்துக் கொல்லையை நினைத்துப் பாருங்கள். வேலிக்குப் பழைய தகரம், பந்தலுக்கு மூங்கில், தொட்டிக்கு ஓட்டை வாளி, பாத்தி ஓரத்துக்கு உடைந்த செங்கல். கடையில் வாங்கியது என்று ஒன்றும் இராது. கையில் காசில்லாததால் அப்படிச் செய்தார்கள். அளந்து பார்த்தால் அதுதான் சரியான முறை. ஆகவே புதிய பிளாஸ்டிக் தொட்டி பத்து வாங்கிக்கொண்டு கொல்லை தொடங்காதீர்கள். வீட்டில் கிடப்பதில் தொடங்கி, பத்து வருஷம் அதையே ஓட்டுங்கள்.

சரி, எரு எப்படிப் போடுவது? எனக்கு நாற்றம்தான் வந்தது.

நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு என்று பொருள். பச்சைக் கழிவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நிறைய. காய்ந்த இலையில், தேங்காய் நாரில், அட்டையில் கரிச்சத்து நிறைய. மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து இருந்தால் வசதி. இதைத் தராசில் நிறுக்க வேண்டியதில்லை. ஒரு கை காய்கறிக் கழிவு போட்டால் மேலே இரண்டு மூன்று கை காய்ந்த சருகு போட்டு மூடுங்கள், கணக்கு ஏறத்தாழ வந்துவிடும்.

நான் செய்வது இதுதான். அடிப்பக்கம் ஓட்டை போட்ட பழைய தோம்பு (பீப்பாய்) ஒன்றை நேரே மண்மேல் வைத்திருக்கிறேன். அடியில் ஒரு சாண் தேங்காய் மட்டை. அதன் மேல் அன்றன்றைய சமையல் கழிவு, அப்புறம் சருகு. வாரம் ஒருமுறை குச்சியால் கிளறுவேன். மழைக்காலத்தில் மேலே தகரம் வைத்து மூடிவிடுவேன், இல்லாவிட்டால் சேறாகிவிடும். நம் வெயிலுக்கு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த காட்டு மண்போல வாசம் வரும். அப்போது எடுக்கலாம்.

தேயிலைச் சக்கை, தேங்காய்ப்பால் பிழிந்த சக்கை, முட்டை ஓடு, வாழைத்தண்டு, பூஜையில் வாடிய மாலை எல்லாம் போகும். மாலையில் நைலான் நூலும் ஜிகினாவும் இருந்தால் உருவிவிடுங்கள். தேங்காய்ச் சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், எண்ணெய்ப் பசை உள்ளது. எண்ணெய் மிதக்கும் குழம்பு, இறைச்சி வேண்டாம். மீன் கழிவும் இறால் ஓடும் இருந்தால் தோம்பில் போடாமல், வாழை மரத்தடியில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதையுங்கள். அடுத்த குலையில் பலன் தெரியும்.

ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் செம்பனையின் வெறுங்குலை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பழம் பிரித்த பிறகு மிஞ்சும் அந்தக் குலையைத் தோட்டங்களிலேயே மரத்தடியில் பரப்புகிறார்கள். ஈரம் காக்கும், மெதுவாகச் சாம்பல்சத்து தரும். பாத்தியில் அப்படியே பரப்பலாம்.

எலி வராதா? எலி வந்தால் பாம்பு வருமே?

செம்பனைக் காட்டை ஒட்டி வாழ்கிறோம், நாகப்பாம்புக்குப் பயப்படுவது நியாயம்தான். சோறு, இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் மேலே தெரியும்படி கிடந்தால் எலி வரும். தோம்பின் அடியில் எலி நுழையாத கம்பி வலை வையுங்கள், மேலே கனமான மூடி போடுங்கள், சுற்றிலும் புல்லை வெட்டி வெளிச்சமாக வையுங்கள். பழைய பலகைகளை வேலியோரம் அடுக்கிவைக்காதீர்கள். அடைசல்தான் இரண்டுக்கும் வீடு.

சாயங்காலம் சருகைப் பெருக்கிக் கொளுத்துவது நம் வழக்கம். கொசுவும் போகும். அதில் என்ன தப்பு?

என் அம்மாவும் கொளுத்துவார். அந்தப் புகை வாசம் இன்னும் எனக்கு வீட்டு ஞாபகம். ஆனால் இப்போது நான் கொளுத்துவதில்லை.

முதல் காரணம், திறந்தவெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு தடை செய்கிறது. இரண்டாவது, சருகுப் புகையில் உள்ள நுண்துகள் நேராக நுரையீரலுக்குள் போகும். வீட்டில் இளைப்பு உள்ள பிள்ளையோ பெரியவரோ இருந்தால் சொல்லவே வேண்டாம். மூன்றாவது நம் வட்டாரத்துக்கே உரியது. நமக்கு வடக்கே இருப்பது ராஜா மூசா காட்டுப் பகுதி. அது சதுப்புக் கரிமண் காடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் மட்காமல் கிடந்த மரமும் இலையும்தான் அந்த மண். வறட்சியில் தீப்பிடித்தால் மேலே அணைந்தாலும் கீழே கனன்றுகொண்டே போகும், நாள்கணக்கில் புகையும். மூச்சு முட்டும் அந்தப் புகைமூட்ட நாட்களை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காய்ந்த காலத்தில் ஒரு பொறி போதும்.

அப்புறம், எருக்குழிக்கு வேண்டிய கரிச்சத்தே அந்தச் சருகுதான். அதைக் கொளுத்திவிட்டு, எரு நாறுகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கடையில் விற்கும் கறுப்பு மண் வாங்கலாமா?

மூட்டையில் கம்புட் என்று எழுதியிருந்தால் வேண்டாம். மேலே சொன்ன அதே கரிமண்தான் அது. காட்டில் நீருக்குள் இருக்கும்வரை கரியைப் பூட்டி வைத்திருக்கும், தோண்டி வெளியே எடுத்தால் காற்றுப் பட்டுக் கரியமில வாயுவாகப் போகும். நம் செம்மண்ணோடு எருவும் தேங்காய் நாரும் கலந்தாலே போதும். நம் மண் புளிப்பு மண். செடி மஞ்சளாக நின்றால் ஒரு பிடி சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறிவிட்டு இரண்டு வாரம் கழித்து நடுங்கள்.

உரம் போடாமல் காய்க்குமா?

காய்க்கும். பயற்றங்காயையும் சிறகவரையையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். அவற்றின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவரும். தோட்டத்தில் பால்மரக் கன்றுகளுக்கு நடுவே நிலத்தை மூடிப் படரவிட்ட கொடி ஞாபகம் இருக்கிறதா? அதுவும் பயறு இனம்தான், அதே வேலைக்காகத்தான் விட்டார்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி எடுத்தது போக மீதி மழையில் கால்வாய்க்குப் போகும். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக ஆவியாகும். அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வீரியமானது.

பூச்சிக்கு மருந்து அடிக்கலாமா?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விடுங்கள்.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். முதுகில் தோம்பு, கையில் குழல், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. விரல் நகங்கள் கறுத்து உதிரும். சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வரும்வரை எங்களைத் தொடவிடமாட்டார். அந்தக் காலத்தில் களைக்கு அதிகம் அடித்தது பாராகுவாட். ஒரு வாய் விழுங்கினாலே உயிரைக் குடிக்கும், மாற்று மருந்து கிடையாது. மலேசியா அதைத் தடை செய்தது 2020 ஜனவரி 1 முதல்தான். அவ்வளவு தாமதமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. அப்படிப்பட்ட வேலை செய்து எங்களை வளர்த்தவரின் பிள்ளை, நம் பிள்ளைகள் தின்னும் வெண்டைக்காயில் விருப்பப்பட்டு விஷம் அடிப்பதா? நான் அடிப்பதில்லை.

இன்னொரு காரணம் ஆறு. நம் கொல்லையில் கழுவிப்போகிற எதுவும் கால்வாய் வழியாகச் சிலாங்கூர் ஆற்றில் சேரும். கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போகும் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்து எடுப்பதுதான். இன்னும் கீழே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னுகின்றன. உலகெங்கும் இருந்து பார்க்க வருகிறார்கள். அந்த மின்மினியின் புழு, கரையோர ஈரத்தில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்வது. கரையின் செடியும் நத்தையும் கெட்டால் மின்மினிக்கு வழியில்லை. ஒரு வீட்டு மருந்தால் அது அழியாதுதான். ஆனால் தோட்டம், ஆலை, பட்டணம் என்று எல்லாம் ஒரே ஆற்றில்தான் சேர்கின்றன, நம் பங்கை நாம் நிறுத்தலாம்.

நடைமுறைக்கு வருவோம். பாகற்காயையும் பீர்க்கையும் பிஞ்சிலேயே பழைய நாளிதழால் சுற்றிக் கட்டுங்கள், பழ ஈ முட்டையிட முடியாது. மிளகாய் இலை சுருண்டால் இலைக்கு அடிப்பக்கம் பாருங்கள். பேனோ வெள்ளை ஈயோ இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மூன்று நாளுக்கொருமுறை சவர்க்காரத் தண்ணீரைச் சாயங்காலம் தெளியுங்கள். மிகவும் சுருண்ட செடியைப் பிடுங்கிவிடுங்கள். எல்லாச் செடியையும் காப்பாற்ற முடியாது.

தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பழைய மருந்துத் தோம்பில் தண்ணீர் பிடிக்கவோ செடி வைக்கவோ கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது.

மழைத் தண்ணீர் பிடிக்கச் சொல்கிறீர்கள், டெங்கி வந்துவிடாதா?

வாயைத் திறந்து வைத்தால் வரும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தோம்பின் வாயை நெருக்கமான வலையால் இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, வாளி மூடி எல்லாவற்றையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். ஒரு சாயங்கால மழையே அவ்வளவு தரும். நிறைந்ததுபோக மீதியைப் பாத்திக்குள் திருப்பிவிடுங்கள். மட்கு போட்ட மண் உறிஞ்சிக்கொள்ளும், கால்வாய் நிரம்பி வழிவது அந்த அளவுக்குக் குறையும்.

நம் வெயிலுக்கு எது வரும், எது வராது?

கங்கோங், பசலை, சர்க்கரைவள்ளிக் கீரை, முருங்கை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, செராய், பண்டான், வெண்டை, கத்தரி, சுண்டை, பயற்றங்காய், மரவள்ளி, வாழை எல்லாம் வரும். மரவள்ளி இலையையும் கிழங்கையும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும், பச்சையில் நஞ்சு உண்டு. சயூர் மானிஸ் கீரை கடகடவென்று வளரும், வதக்கிச் சாப்பிடுங்கள். இளைக்கலாம் என்று பச்சைச் சாறாகக் குடித்து, 1990-களில் தைவானில் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

முட்டைக்கோசு, கேரட் வராது. அவை கேமரன் மலையின் குளிருக்கு உரியவை. அங்கே சரிவுகளை வெட்டிப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு விளைவிப்பதால் மண் கரைந்து ரிங்லெட் ஏரியில் வண்டலாகச் சேர்வது பல காலப் பிரச்சினை. கோசை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாள் கோசுக்குப் பதில் முருங்கைக் கீரை என்றால் அதுவே நல்ல மாற்றம்.

பூ பூக்கிறது, பூசணி பிடிக்கவில்லை. ஏன்?

பெண் பூவுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை. 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அதற்கப்புறம் பல காலம், செம்பனைப் பூவுக்குத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவிய தோட்டங்கள் உண்டு. கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டை 1981-இல் விட்ட பிறகுதான் அந்த வேலை நின்றது. ஒரு வண்டு அத்தனை பேரின் வேலையைச் செய்கிறது. உங்கள் கொல்லைக்கும் அப்படித்தான். துளசி, சாமந்தி கொஞ்சம் பூக்கவிடுங்கள், கெலுலுட் தேனீ வரும். வரும்வரை காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே தடவுங்கள். அடியில் குட்டிப் பூசணி தெரிவது பெண் பூ.

இதை நம்பி ஒரு குடும்பம் சாப்பிட முடியுமா?

முடியாது. சோறு செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோதான் வரும். ஆனால் கை கொடுக்கும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிதான் உயிர் காத்தது என்று என் பாட்டி சொல்வார். 1974-இல் விலைவாசி ஏறியபோது அரசாங்கமே பச்சைப் புத்தகத் திட்டம் என்று வீட்டில் காய்கறி போடச் சொன்னது. 2020 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் கேமரன் மலையில் விற்க வழியில்லாமல் காய்கறியைக் கொட்டினார்கள், இங்கே கடையில் கீரை இல்லை. அந்த மாதங்களில் எங்கள் வரிசையில் ஏழு வீட்டுக்கு என் முருங்கை மரம் கீரை கொடுத்தது.

நாங்கள் அடுக்குமாடியில் நாலாவது மாடி. என்ன செய்வது?

வெயில் படும் இடத்தில் ஒரு வாளி புதினா, ஒரு வாளி கறிவேப்பிலை. தொட்டியை வெளிச்சுவர் விளிம்பில் வைக்காதீர்கள், கீழே ஆள் நடக்கும். காய்கறிக் கழிவைச் சருகோடு சேர்த்து மூடிய வாளியில் வைத்து, கீழே கொல்லை வைத்திருப்பவரிடம் கொடுங்கள். எங்கள் தெருவுக்கு எதிர்ப் புளோக்கிலிருந்து மூன்று குடும்பங்கள் எனக்குக் கொடுக்கிறார்கள். மாதம் ஒருமுறை பயற்றங்காய் அவர்களுக்குப் போகும்.

விதை எங்கே வாங்குவது?

முதல் தடவை வாங்க வேண்டாம், என்னிடம் வாருங்கள். வெண்டையிலும் பயற்றங்காயிலும் நல்லதாக இரண்டு காயைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு விதை எடுப்பேன். அடுப்புச் சாம்பல் கலந்து ஹார்லிக்ஸ் புட்டியில் வைத்தால் அடுத்த நடவுவரை வண்டு பிடிக்காது. ஒரு கை தருவேன். உங்கள் செடியிலும் இரண்டு காயைப் பறிக்காமல் விடுங்கள், அடுத்து கேட்டு வருகிறவருக்கு அதிலிருந்து நீங்கள் கொடுக்கலாம்.